விமானத்துக்கும் நம்பர் உண்டு!

தூத்துக்குடித் தெருக்களில் ஓடும் வண்டிகளின் நம்பரைப் படித்துப் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் 'டி.என். 69' என்று தொடங்கும். டி.என். என்றால் தமிழ்நாடு. 69 என்றால் தூத்துக்குடி. மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் விசைப்படகுகளிலும் 'ஐ.என்.டி. - டி.என்.' என்று தொடங்கும் நீளமான எண் எழுதியிருக்கும். இந்தியா, தமிழ்நாடு என்று அதற்கு அர்த்தம்.

அப்படியானால், வாகைக்குளம் விமான நிலையத்தில் வந்து இறங்கும் விமானத்துக்கு?

அதற்கும் உண்டு! விமானத்தின் பின்பக்கத்தை உற்றுப் பாருங்கள். 'வி.டி.' என்று இரண்டு ஆங்கில எழுத்துகள், ஒரு சிறு கோடு, பிறகு இன்னும் மூன்று எழுத்துகள் தெரியும். இதைப் 'பதிவுக் குறி' என்பார்கள். வி.டி. என்பது இந்தியாவைக் காட்டும். அடுத்த மூன்று எழுத்துகள் அந்த விமானத்துக்கு மட்டுமே சொந்தம். இதை வழங்குவது டில்லியில் உள்ள சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்.

இந்தியாவுக்கு ஏன் வி.டி.? 'வைஸ்ராய் டெரிட்டரி', அதாவது வைஸ்ராய் ஆண்ட பகுதி என்பதன் சுருக்கம் அது என்று பலர் சொல்வார்கள். ஆனால் இந்த எழுத்துகள் வானொலியிலிருந்து வந்தவை. 1927-இல் வாஷிங்டனில் நடந்த மாநாட்டில், கம்பியில்லாத் தந்திக்கான அழைப்பு எழுத்துகளை நாடுகள் பங்கு போட்டுக்கொண்டன. வி.டி. முதல் வி.டபிள்யூ. வரை தொடங்குபவை அன்றைய இந்தியாவுக்குக் கிடைத்தன. பல இந்தியக் கப்பல்களின் வானொலி அழைப்புக் குறியும் இதே கூட்டத்து எழுத்துகள்தான். 'இந்தியா என்பதால் ஐ.என். என்று மாற்றலாமே' என்று கேட்கிறீர்களா? 'ஐ' என்று தொடங்குபவை இத்தாலிக்குச் சொந்தம். இந்துஸ்தானுக்கு எச்.ஐ. என்று வைக்கலாம் என்றால், அது டொமினிக்கன் குடியரசுக்குப் போய்விட்டது!

வி.டி. என்பதை மாற்ற முடியாது. அடுத்த மூன்று எழுத்துகளை நாமே தேர்ந்தெடுக்கலாமா? கேட்டுப் பார்க்கலாம். வேறு யாரும் எடுத்திருக்கக் கூடாது. இண்டிகோ நிறுவனத்தின் முதல் விமானம் 2006-இல் வி.டி.-ஐ.என்.ஏ. என்ற குறியோடு வந்தது. தொழிலதிபர் விஜய் மல்லையா பயன்படுத்திய விமானத்தில், அவர் பெயரை நினைவுபடுத்தும் வி.டி.-வி.ஜே.எம். என்ற எழுத்துகள் இருந்தன. பின்னர் வரிப் பாக்கிக்காக அந்த விமானம் கைப்பற்றப்பட்டு, 2018-இல் ஏலம் போனது. பெயரை எழுதிவிட்டால் மட்டும் பொருள் நம்முடையதாகவே இருந்துவிடாது, பார்த்தீர்களா?

அமெரிக்காவில் குறி 'என்' என்று தொடங்கும். அதன்பின் எண்களும் எழுத்துகளும் கலந்து வரலாம். அங்கே விமானம் வாங்குவதற்கு முன்பே, பிடித்த எண்ணைக் கட்டணம் கட்டி ஓர் ஆண்டுக்கு முன்பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் 'ஐ', 'ஓ' என்ற எழுத்துகளைக் கேட்கக் கூடாது. ஏன் தெரியுமா? அவை 1, 0 போலவே கண்ணுக்குத் தெரியும்.

எந்த நாடானாலும் சில எழுத்துகளை மட்டும் வைக்கக் கூடாது என்பது உலக விதி. எஸ்.ஓ.எஸ். கூடாது. பி.ஏ.என். கூடாது. எக்ஸ்.எக்ஸ்.எக்ஸ்., டி.டி.டி. இரண்டும் கூடாது. இவை எல்லாம் ஆபத்தையோ அவசரத்தையோ சொல்லும் குறிகள், அல்லது அவற்றோடு குழம்பக் கூடியவை.

ஒரு வீட்டில் பிள்ளைக்குத் 'திருடன்' என்று பெயர் வைத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் தெருவே கம்பெடுத்துக்கொண்டு ஓடி வரும்! நாலு நாள் போனால், 'அந்த அம்மா பையனைத்தான் கூப்பிடுகிறார்' என்று யாரும் வர மாட்டார்கள். அப்போது நிஜத் திருடன் வந்தால்? விமானத்துக்கும் இதே கதைதான். சிறிய தனியார் விமானங்கள் வானொலியில் பேசும்போது, அவற்றின் பதிவுக் குறிதான் பெயர். அந்தப் பெயரே 'ஆபத்து' என்று ஒலித்தால், உண்மையான ஆபத்தில் உதவிக்கு யார் வருவார்கள்? அழகான நம்பர் வேண்டும் என்று ஆசைப்படலாம். ஆனால் அடுத்தவர் உயிருக்கு அது இடைஞ்சலாக இருக்கக் கூடாது.

எந்தப் பகட்டும் இல்லாத ஒரு குறிதான் நம் நாட்டில் பெரும் புகழ் பெற்றது. 1932 அக்டோபர் 15 அன்று, ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக மும்பைக்குத் தபால் மூட்டையுடன் பறந்து வந்தார். அங்கிருந்து தபாலை நெவில் வின்சென்ட் என்ற விமானி பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். டாடா ஓட்டிய சின்னஞ்சிறு 'புஸ் மாத்' விமானத்தின் குறி வி.டி.-ஏ.டி.என். அவர் அன்று தொடங்கிய அந்தச் சேவைதான் பின்னாளில் ஏர் இந்தியாவாக வளர்ந்தது. அந்த மூன்று எழுத்துகளுக்குப் பெருமை சேர்த்தது, அந்த விமானம் செய்த வேலைதான்!

உங்களுக்கு ஒரு கணக்கு. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். மூன்று இடங்களை எத்தனை விதமாக நிரப்பலாம்? 26-ஐ 26-ஆல் பெருக்கி, மறுபடியும் 26-ஆல் பெருக்குங்கள். 17,576 வருகிறதா? அதில் கூடாத குறிகளைக் கழித்துவிட வேண்டும்.

இனி ஒரு விளையாட்டு. வானொலியில் எழுத்துகள் காதில் குழம்பாமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் உண்டு. ஏ.டி.என். என்பதை 'ஆல்ஃபா, டெல்டா, நவம்பர்' என்று சொல்வார்கள். வி.டி.க்கு 'விக்டர், டாங்கோ'. உங்கள் கற்பனை விமானத்துக்கு மூன்று எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து நோட்டில் எழுதுங்கள். எழுதும் முன், அது யாரையும் பதறி ஓடி வரச் செய்யுமா என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்!