பதினெட்டு முடிந்த மறுநாள்

பிள்ளைக்குப் பதினெட்டு முடிகிற வரை அவனுக்காகக் கையெழுத்துப் போடும் அப்பா அம்மாவிடம் யாரும் அத்தாட்சி கேட்பதில்லை. மறுநாளிலிருந்து கேட்பார்கள். அவன் ஓட்டுப் போடலாம், வீடு வாங்கலாம், விற்கலாம். சட்டத்தைப் பொறுத்தவரை நாங்கள் அவனோடு ஒரே ரேஷன் கார்டில் இருக்கும் இரண்டு பேர், அவ்வளவுதான்.

எங்கள் மகனுக்கு ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் சேர்ந்து உண்டு. பேச்சு என்று பார்த்தால் ஏழெட்டுச் சொற்கள். மாநில அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை அவன் கணக்கில்தான் விழுகிறது. மைனர் கணக்காக இருந்தவரை நான் எடுத்தேன், செலவழித்தேன். பதினெட்டு முடிந்தபின் வங்கிக்குப் போனால், "அவர் மேஜர் ஆயிட்டார் சார். இனிமே அவர்தான் கையெழுத்துப் போடணும். இல்லேன்னா கார்டியன்ஷிப் சர்டிபிகேட் கொண்டாங்க" என்றார்கள். மேஜர் ஆனவர் என் பக்கத்தில் நின்று டோக்கன் மிஷினின் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தார்.

இப்படிப்பட்ட குடும்பங்களுக்காகவே 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என நான்குக்கு மட்டும் பொருந்தும். மாவட்ட அளவில் ஒரு குழு. அதில் கலெக்டர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர். அவர்கள் விசாரித்துப் பாதுகாவலரை நியமிப்பார்கள். கோர்ட்டுக்கு அலைய வேண்டாம் என்பதே பெரிய ஆறுதல். நியமனம் ஆன ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் காட்ட வேண்டும். "பெத்த பிள்ளைக்கு நான் கணக்குக் காட்டணுமா?" என்று கொதிக்கிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. பத்து சென்ட் நிலத்துக்காகத் திடீரென்று பாசம் பொங்கும் சித்தப்பாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

பிறகு வந்தது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அது வேறு திசையில் பார்க்கிறது. பாதுகாவலர் தானாக முடிவெடுக்கக் கூடாது. அந்த மனிதரோடு கலந்து பேசி, இருவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்கிறது. 2007-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையின் வழி அது. பழைய சட்டத்தில் அவனுக்காக நான் பேசலாம். புதியதில் அவனோடு பேச வேண்டும். எனக்குப் புதியதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் ஏழெட்டுச் சொற்களை வைத்துக்கொண்டு எப்படிக் கலந்து பேசுவது? கலெக்டர் ஆபீஸ் வரிசையில் இதற்கு விடை கிடைக்காது.

எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு குளியலறையில் தொடங்கியது. மீசை அரும்பத் தொடங்கிய வயதில் அவனைக் குளிப்பாட்டும் வேலை மனைவியிடமிருந்து என்னிடம் வந்தது. கொஞ்ச நாளில் நானும் விலக வேண்டும் என்றாள் அவள். தாழ்ப்பாள், மக், சோப்பு, துண்டு, உள்ளாடை என்று ஒவ்வொன்றையும் படமெடுத்து, லேமினேட் செய்து, குளிக்கும் வரிசையில் சுவரில் ஒட்டினோம். நெஞ்சில் மட்டும் சோப்புப் போட்டுக்கொண்டு முடிந்தது என்று வெளியே வருவான். முதுகு என்று ஒன்று இருப்பதை அவனுக்கு உணர்த்தவே மாதங்கள் ஆயின. எல்லாவற்றையும் விடக் கஷ்டம், கதவைச் சாத்த வைப்பது. பிறந்தது முதல் அவன் உடம்பு பொதுச் சொத்தாகவே இருந்திருக்கிறது. தெரபிஸ்ட் காலை மடக்குவார், வேன் டிரைவர் தூக்கி உட்காரவைப்பார், கல்யாண வீட்டில் யாரோ கன்னத்தைக் கிள்ளுவார்கள். உட்கார், கையைக் கட்டு, இங்கே பார் என்று சொன்னபடி கேட்பதற்குத்தான் இந்தப் பிள்ளைகளை முதலில் பழக்குகிறோம். மறுப்பதற்கு யாரும் பழக்குவதில்லை.

அதனால் 'வேண்டாம்' என்பதைத் தனிப் பாடமாகவே வைத்தோம். முதலில் பிடிக்காத பாகற்காயைத் தட்டில் வைத்து, அவன் தள்ளியதும் எடுத்துவிடுவது. அடுத்து, யாராவது தோளில் கை போட்டால் தட்டிவிடுவது. சொல் வராத நேரத்துக்குச் சிவப்பு அட்டை ஒன்று சட்டைப்பையில். பாடம் நன்றாகவே ஏறிவிட்டது. சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்கு வேண்டாம், சவரத்துக்கு வேண்டாம், பெரியப்பா மடியில் உட்கார வேண்டாம். "வளந்ததும் மருவாதி தெரியலயே" என்று என் அண்ணனுக்கு வருத்தம். "அண்ணே, அவனுக்கு இப்பத்தான் தெரியுது" என்றேன். ரத்தப் பரிசோதனைக்கும் பல் மருத்துவருக்கும் மட்டும் சிவப்பு அட்டை செல்லாது. அங்கே நாங்கள் பிடித்துக்கொள்கிறோம், அவன் கத்துகிறான். அதை அவனோடு சேர்ந்து எடுத்த முடிவு என்று நான் எந்தப் படிவத்திலும் எழுத மாட்டேன்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பதினெட்டோடு நின்றுவிடுகிறது. மனவயதைக் கணக்கில் எடுக்க முடியாது, உடல் வயதுதான் கணக்கு என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வேறு சட்டப் பிரிவுகள் உண்டு, ஆனால் போக்சோ போல இராது. பதினெட்டுக்குப் பிறகு அவனுக்கு அவன் கையும் அந்த அட்டையும்தான் முதல் காவல்.

எங்களுக்குப் பிறகு? நான் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கும் அரசு ஊழியன். சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. இது நம்மில் பலருக்குத் தெரியாது. பெற்றவர் உயிரோடு இருக்கும்போதே மருத்துவச் சான்றோடு அலுவலகப் பதிவேட்டில் பிள்ளையின் பெயரை ஏற்றிவிடுங்கள். பணத்துக்கு இப்படி ஒரு வழி இருக்கிறது. ஆளுக்கு? "அதான் அக்கா இருக்காளே" என்று வருகிறவர்களெல்லாம் எளிதாகச் சொல்லிவிட்டு காபியைக் குடிக்கிறார்கள். அவள் கோவையில் வேலை பார்க்கிறாள். பாதுகாவலர் விண்ணப்பத்தைப் பற்றிப் போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் பாத்துக்குவேன்ப்பா. ஆனா எங்கூட இருக்கச் சம்மதமான்னு அவன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு யோசிச்சு வைங்க" என்றாள்.

யோசித்துக்கொண்டிருக்கிறோம். இப்போதைக்கு அவள் வீட்டின் படங்களை எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் இப்படிக் கூடப் பிறந்தவர்களைப் பற்றி எழுத வேண்டும். எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று அவளிடம் கேட்டுக்கொண்டுதான்.