சிறுநகர மன்றத்தின் வருவாய்: கோப்பெங் நகரை முன்வைத்து

ஈப்போவுக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், கோலாலம்பூர் செல்லும் பழைய நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது கோப்பெங். இன்று பல நாடுகளில் கிளைகள் கொண்டுள்ள இயூ யான் சாங் மருந்து வணிக நிறுவனம் 1879ஆம் ஆண்டில் தன் முதற்கடையைத் திறந்தது இவ்வூரில்தான். 1985ஆம் ஆண்டு அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபோது கிந்தாப் பள்ளத்தாக்கின் பிற ஊர்களைப் போன்றே கோப்பெங்கும் ஒடுங்கிற்று. இப்பொழுது தெம்புரோங் குகையைக் காணவும் கம்பார் ஆற்றில் இரப்பர்ப் படகு விடவும் வெளியூரார் வருகின்றனர். ஊரில் பணம் புழங்குகிறது என்பதில் ஐயமில்லை. அப்பணத்தில் எவ்வளவு, ஊரின் சாக்கடையைத் தூர் வாரும் அமைப்பின் கைக்கு வந்து சேர்கிறது என்பதே இக்கட்டுரையில் நாம் நோக்கவிருக்கும் வினாவாகும்.

அவ்வமைப்பு எது என்பதை முதலில் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஆங்கிலேயர் ஆட்சியில் கிந்தாவின் நகரங்களைச் சுகாதார வாரியம் பேணி வந்தது. நம் முதியோர் நாவில் அது 'சானிட்டரி போர்டு'. அதன் துப்புரவுப் பணியை ஏற்றவர்களுள் பெரும்பாலோர் தென்னிந்தியத் தொழிலாளர்களே. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்திற்குப் பின்னர் கோப்பெங், கிந்தா செலாத்தான் மாவட்ட மன்றத்தின் கீழ் இருந்தது. 2009 மே 21ஆம் நாள் கம்பார், பேராக்கின் பத்தாவது மாவட்டமாக அறிவிக்கப்பட்டதன்பின் அம்மன்றம் கம்பார் மாவட்ட மன்றமாயிற்று. ஆகவே கோப்பெங்கிற்கெனத் தனி மன்றம் இல்லை. ஊரார் செலுத்தும் கட்டணங்கள் கம்பாரின் கணக்கிலேயே சேர்கின்றன.

மன்றத்திற்கு வாராத வருமானங்களை அறிவதும் இன்றியமையாதது. ஈய ஏற்றுமதி வரியைக் கூட்டரசு பெற்றது. அதில் 10 விழுக்காட்டுக்குக் குறையாத பங்கை மாநிலத்திற்கு அளிக்க அரசியலமைப்பு இடந்தந்தது. சுரங்கம் தோண்டப்பட்ட ஊருக்கென்று பங்கு குறிக்கப்படவில்லை. ஆண்டுதோறும் நாம் நில அலுவலகத்தில் கட்டும் நிலவரி மாநில அரசுக்குரியது. இதனை வீட்டு வரியோடு சேர்த்துக் குழப்பிக் கொள்வோர் நம்மிடையே பலர். குடிநீர்க் கட்டணம் பேராக் நீர் வாரியத்திற்குச் செல்கிறது. கழிவுநீர்ச் சேவை 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஊராட்சியின் கையைவிட்டுக் கூட்டரசின் பொறுப்பிற்கு மாறிற்று. வெளிநாட்டுப் பயணிகளிடம் 2017 செப்டம்பர் முதல் பெறப்படும் சுற்றுலா வரியும் கூட்டரசுக்கே உரியது. படகுப் பயணத்திற்குச் செலுத்தும் தொகை அதனை நடத்தும் நிறுவனத்தைச் சேரும். அந்நிறுவனத்தின் உரிமக் கட்டணமும் கட்டட வரியுமே மன்றத்திற்கு எஞ்சுபவை.

இங்ஙனம் கழித்துப் பார்த்தால் முதுகெலும்பாக நிற்பது வீட்டு வரியே. ஒரு வீடு ஓராண்டில் எவ்வளவு வாடகை ஈட்டக்கூடும் என்று மதிப்பிட்டு, அதில் ஒரு விழுக்காட்டை வரியாக விதிப்பர். அவ்விழுக்காடு 35க்கு மேற்படலாகாது என்பது சட்டம். மாதம் 300 ரிங்கிட் வாடகை பெறத்தக்க வீட்டின் ஆண்டு மதிப்பு 3,600 ரிங்கிட். வரி 10 விழுக்காடு எனக் கொண்டால் ஆண்டுக்கு 360 ரிங்கிட். அதனை இரு தவணைகளில், பிப்ரவரி இறுதிக்குள்ளும் ஆகஸ்டு இறுதிக்குள்ளும் செலுத்த வேண்டும். வாடகை மலிந்த ஊரில் வரியும் மெலியும் என்பது இதனால் விளங்கும். கம்பாரில் 2007ஆம் ஆண்டில் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழக வளாகம் அமைந்தபின் மாணவர்க்கு வீடு வாடகைக்கு விடுவது பெருந்தொழிலாகி விட்டது. கோப்பெங்கிற்கு அத்தகைய வாய்ப்பு ஏதும் அமையவில்லை.

இனி, பொது வசதிகளைப் பார்ப்போம். சந்தைக் கடைகள், உணவு அங்காடிகள், பொது மண்டபம், திடல், கழிவறை ஆகியன இவ்வகையின. இவை வருமானம் தருவன என்றே கணக்கேட்டில் எழுதப்படுகின்றன. ஆயின் ஒரு மீன் கடையின் மாத வாடகையை மட்டும் பார்த்துவிட்டு முடிவு கூறுதல் பிழையாகும். நாள்தோறும் தரையைக் கழுவும் தண்ணீர், விடியுமுன் எரியும் விளக்கு, குப்பை அள்ளும் லாரி, அடைபடும் வடிகால் ஆகியவற்றின் செலவை அவ்வாடகை பல ஊர்களில் ஈடுசெய்வதில்லை. வாடகையை உயர்த்தினால் வணிகர் சந்தையை விட்டுச் சாலையோரத்திற்குப் பெயர்வர். வாடகையும் போய், சாலையோரத்தைத் துப்புரவு செய்யும் செலவும் கூடும். மண்டபத்தின் நிலையும் இதுவே. திருமணத்திற்கும் தீபாவளி விருந்திற்கும் அதனைக் குறைந்த கட்டணத்தில் பெறுகிறோம். முன்பணமாகக் கட்டும் வைப்புத் தொகை நமக்குத் திரும்ப வருவது. அது மன்றத்தின் வருமானமன்று. எனவே பற்றாக்குறையை வீட்டு வரியும், கூட்டரசு மாநிலத்தின் வழியாக வழங்கும் மானியமும் தாங்குகின்றன. சந்தையை வருமானம் ஈட்டும் கடையாகக் கருதுவதைவிட, ஊருக்கு மன்றம் செய்யும் செலவின் ஒரு பகுதியை மீட்கும் வழியாகக் கருதுவதே பொருந்தும் என்பது நம் துணிபு.

தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளில் வேறொரு முறை உண்டு. நாளங்காடி, பேருந்து நிலையக் கழிவறை முதலியவற்றில் கட்டணம் வசூலிக்கும் உரிமையை ஆண்டுதோறும் ஏலத்தில் குத்தகைக்கு விடுவர். மன்றத்திற்கு ஒரு தொகை உறுதியாகக் கிடைத்துவிடும். குத்தகைதாரர் குறித்த கட்டணத்தினும் மிகுதியாகப் பறிக்கிறார் என்ற முறையீடும் உடன் வரும். கூடையில் கீரை கொண்டுவரும் மூதாட்டியே அச்சுமையை முதலில் தாங்குபவர்.

மலேசியாவில் அத்தகைய சிறுவணிகரின் இடர் வேறு வடிவினது. முன்னாளில் தோட்டப்புற மக்களுக்கு ஊராட்சியோடு தொடர்பு மிகக் குறைவு. லயம், குடிநீர், பிள்ளைக் கொட்டகை அனைத்தும் தோட்ட நிருவாகத்தினுடையவை. தோட்டங்கள் விற்கப்பட்டும் செம்பனைக்கு மாறியும் ஆட்கள் குறைந்தபோது நகரோரத் தாமான்களுக்கு வந்தவர்கள், வாழ்வில் முதன்முறையாக வீட்டு வரிச் சீட்டைக் கையில் வாங்கினர். அவர்களுள் சிலர் தோசைக் கடையும் பூக்கடையும் வைத்தனர். கடைக்கு உரிமம் வேண்டும். பெயர்ப் பலகைக்கும் உரிமம் வேண்டும். பலகையில் தமிழ் இருப்பினும் மலாய் மொழியே முதன்மையாகத் திகழ வேண்டும். ஊராட்சிச் சட்டத்தின் 107ஆம் பிரிவின்படி மன்றம் தான் வழங்கிய உரிமத்தைக் காரணம் காட்டாமலே எந்நேரமும் மீட்டுக்கொள்ளலாம். அதற்கு இழப்பீடும் கோர இயலாது. மன்றத்தின் ஏட்டில் சிறு வரவாக நிற்கும் இவ்வுரிமம், ஒரு குடும்பத்தின் முழு வாழ்வாதாரமாக இருத்தலை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

இக்கட்டணங்களை விதிக்கும் மன்ற உறுப்பினர் 8க்குக் குறையாமலும் 24க்கு மேற்படாமலும் மாநில அரசால் நியமிக்கப்படுகின்றனர். 1965ஆம் ஆண்டில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்திற்குத் தலைமை ஏற்றவர் நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சியே தொடர வேண்டும் என்று அவ்வாணையம் பரிந்துரைத்தது. அரசு அதனை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தலை அறவே நீக்கிற்று.

வீட்டு வரி செலுத்துவோருக்கு மட்டும் ஒரு கதவு திறந்துள்ளது. மதிப்பீட்டுப் பட்டியல் மிகையென்று கருதுவோர், அதனைத் திருத்துவதற்குக் குறித்த நாளுக்கு 14 நாள் முன்னதாக எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். முடிவு ஏற்புடையதன்றேல் உயர்நீதிமன்றத்திற்கும் செல்லலாம். சந்தைக் கடையின் வாடகைக்கு அச்சட்டம் இத்தகைய நடைமுறை எதனையும் வகுக்கவில்லை. வாடகை கூடினாலும் உரிமம் புதுப்பிக்கப்படாவிடினும், கம்பார் அலுவலகத்து முகப்பில் மனுவுடன் நிற்பதே கோப்பெங் அங்காடிக்காரருக்கு எளிதில் கைகூடும் வழியாக உள்ளது.