வயலெட்டாவின் உடை

ஓபரா மேடைகள் – 7

போன வாரம் 'ரிகோலெட்டோ'வின் வெற்றியோடு நிறுத்தியிருந்தோம். அதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து அதே வெனிஸ், அதே லா ஃபெனிச்சே அரங்கம். இசை வெர்டி, பாட்டு பியாவே. 1853 மார்ச் 6 அன்று 'லா டிராவியாட்டா' அங்கே முதன்முறையாக மேடையேறித் தோற்றது. இன்று உலகில் மிக அதிகமாக நடத்தப்படும் ஓபராக்களில் ஒன்று அது.

கதை தெரியாதவர்களுக்காக: பாரிஸ் பணக்காரர்களின் தயவில் ஆடம்பரமாக வாழும் வயலெட்டாவுக்குக் காசநோய். ஆல்ஃபிரெடோ அவளை மனதார விரும்புகிறான். எல்லாவற்றையும் உதறிவிட்டு அவனோடு கிராமத்து வீட்டில் குடித்தனம் நடத்துகிறாள். அவனுடைய அப்பா ஜெர்மோன் வருகிறார். இந்த உறவால் தன் மகளின் கல்யாணம் கெட்டுப்போகும் என்கிறார். காரணத்தைச் சொல்லாமலே அவள் விலகிப் போகிறாள். அப்பனும் மகனும் உண்மை உணர்ந்து ஓடி வரும்போது அவளுக்குச் சில நிமிடங்களே மிச்சம்.

இது முழுக்கக் கற்பனை அல்ல. மரி துப்ளெஸி என்ற பாரிஸ் பெண் 1847-இல் தன் 23-ஆவது வயதில் காசநோயால் இறந்தாள். அவளுடன் பழகிய இளைய அலெக்சாந்தர் துய்மா அதை 1848-இல் நாவலாக்கினார். 1852-இல் அதுவே நாடகமாக மேடையேறியது. ஆக, அந்தக் கதையை வெர்டி ஓபராவாக அரங்கேற்றியபோது அவள் இறந்து ஆறு வருஷம்தான். அதனால்தான் பாடகர்கள் அன்றாட நாகரிக உடையில், பார்வையாளர்கள் போட்டிருந்த அதே உடையில் வரவேண்டும் என்று அவர் கேட்டார். வெனிஸில் ஒப்புக்கொள்ளவில்லை. கதையை 1700-க்குத் தள்ளிவிட்டார்கள். மேலடுக்குப் பெட்டிகளில் மனைவியோடு உட்கார்ந்திருந்த கனவான்கள், இதெல்லாம் கொள்ளுத்தாத்தா காலத்துச் சங்கதி என்று நிம்மதியாகப் பார்க்கலாம். நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலான டிராவியாட்டா வரலாற்றை, இந்த நிம்மதியைக் காப்பாற்றுகிறவர்களுக்கும் கலைக்கிறவர்களுக்கும் நடந்த வழக்கு என்றே நான் படிக்கிறேன்.

முதல் இரவின் தோல்விக்கு உடை மட்டும் காரணமில்லை. நாயகி ஃபானி சால்வினி-தொனாத்தெல்லி இந்த வேடத்துக்குப் பொருந்தமாட்டார் என்று ஜனவரி கடைசியிலேயே வெர்டி மாற்றச் சொல்லியிருந்தார். ஒப்பந்தக் கெடு அதற்குள் தாண்டிவிட்டது. உருகி உருகிச் சாகவேண்டியவர் கட்டுமஸ்தாக இருந்ததைப் பார்த்துக் கடைசி அங்கத்தில் சிரித்தார்கள் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் கதை. பாவம், முதல் அங்கத்தில் அதே பெண்மணிக்குக் கைதட்டல் கிடைத்தது. நாயகனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. வெர்டியின் முதல் மேக்பெத்தாகவும் முதல் ரிகோலெட்டோவாகவும் பாடிய ஃபெலிச்சே வரேசிக்கு, இந்த அப்பா வேடம் தன் தகுதிக்குக் குறைச்சல் என்று மனத்தாங்கல். மறுநாளே வெர்டி, குற்றம் தன்னுடையதா பாடகர்களுடையதா என்பதைக் காலம் சொல்லட்டும் என்று கடிதம் எழுதினார். காலம் அதிகம் எடுத்துக்கொள்ளவில்லை. 1854 மே 6, அதே வெனிஸில் சான் பெனெதெத்தோ அரங்கம். சில பகுதிகள் திருத்தப்பட்டிருந்தன, மரியா ஸ்பெசியா வயலெட்டா. பெரும் வெற்றி. உடை மட்டும் பழைய காலத்திலேயே நின்றது. பல பத்தாண்டுகள் கழித்து 1850-களின் உடை மேடைக்கு வந்தபோது அதுவே சரித்திர உடை ஆகியிருந்தது!

இந்த வேடத்தில் பாடகிக்கு மூன்று குரல் வேண்டும் என்பார்கள். முதல் அங்கத்துக்குச் சரசரவென்று பிருகா உருளும் குரல், இரண்டாவதற்கு நின்று உருக்கும் குரல், மூன்றாவதற்குத் தேய்ந்த குரல். முதல் அங்க முடிவில் ரசிகர்கள் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும் அந்த உச்ச ஸ்வரத்தை வெர்டி எழுதவே இல்லை, பாடகிகள் சேர்த்துக்கொண்டது. அவர் எழுதியதில் எனக்குப் பெரிதாகப் படுவது இதற்கு நேரெதிரான இடம். கடைசி அங்கத்தில் ஜெர்மோனின் கடிதத்தை வயலெட்டா பாடுவதில்லை, பேசுகிறாள். பழைய காதல் மெட்டு வயலினில் மட்டும் ஓடுகிறது.

அந்த இடத்துக்குத் தகுதியான நடிகையாகவும் இருந்த பாடகி மரியா காலாஸ். 1955 மே 28, மிலானின் லா ஸ்காலா. இயக்கம் லூக்கினோ விஸ்கோந்தி, இசை நடத்தியவர் கார்லோ மரியா ஜியூலினி. விஸ்கோந்தி கதையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்கு நகர்த்தினார். விருந்து முடிந்த கூடத்தில் காலாஸ் காலணிகளை உதறி எறிந்துவிட்டுப் பாடினார். சில விமர்சகர்களுக்கு அது அடுக்கவில்லை. கடைசியில் மேலங்கியும் தொப்பியும் போட்டு வெளியே கிளம்ப முயன்று, கண் திறந்தபடியே செத்தார். கூட நடித்த தி ஸ்தெஃபானோ முதல் இரவோடு விலகிக்கொண்டார்.

காலாஸின் அந்த வயலெட்டாவுக்கு லா ஸ்காலா நெடுநாள் விலை கொடுத்தது. 1964-இல் கராயன் நடத்த, செஃபிரெல்லி இயக்க, மிரெல்லா ஃப்ரேனி பாடியபோது காலாஸ் பக்தர்கள் கூச்சலிட்டுக் கெடுத்தார்கள். இத்தாலியில் அவர்களுக்கு 'காலாஸின் விதவைகள்' என்றே பெயர். அதன்பின் 1990-இல் ரிக்கார்தோ மூத்தி இளம் பாடகர்களை வைத்துத் துணியும்வரை அந்த மேடை டிராவியாட்டாவைத் தொடவில்லை.

2004 நவம்பரில், தீயில் அழிந்து மீண்டும் கட்டப்பட்ட லா ஃபெனிச்சேயின் முதல் ஓபராவாக இதையே வைத்தார்கள், அதுவும் 1853-இன் மூல வடிவத்தில். இயக்குநர் ராபர்ட் கார்சன் கிராமத்துக் காட்சியில் மரத்திலிருந்து இலைக்குப் பதில் பணத்தாள்களை உதிரவிட்டார். மறுவருஷம் சால்ஸ்பர்க்கில் வில்லி டெக்கர் இன்னும் துணிந்தார். வளைந்த வெள்ளைச் சுவர், ராட்சசக் கடிகாரம், சிவப்பு உடையில் அன்னா நெட்ரெப்கோ. கோரஸ் முழுக்க, பெண்களும்கூட, ஆண்களின் கறுப்பு சூட்டில். வயலெட்டாவின் டாக்டர் முதலிலிருந்தே ஓரமாகக் காத்திருக்கிறார், மரணமாக. எந்த ஆண்டு என்றே சொல்லாத இந்த மேடைதான் வெர்டி கேட்டதற்கு மிக நெருக்கமாக வந்தது என்பேன்.

எல்லாத் துணிச்சலும் பலிப்பதில்லை. 2013 டிசம்பரில் லா ஸ்காலாவின் பருவத் தொடக்கத்தில் திமித்ரி செர்னியாகோவ், கதையைச் சமையலறைக்குக் கொண்டுபோய் ஆல்ஃபிரெடோவைக் காய்கறி நறுக்கவைத்தார். கூச்சல் எழுந்தது. நாயகன் பியோத்ர் பெச்சாலா இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று கோபித்துக்கொண்டார். எனக்குக் காய்கறியில் ஆட்சேபம் இல்லை. பாட்டின் தாளத்துக்கும் கத்தியின் தாளத்துக்கும் நடுவில் பாடகர் மாட்டிக்கொண்டதில்தான் ஆட்சேபம்.

(தொடரும்)