கூடைப்பந்தாட்ட வீராங்கனை

கூடைப்பந்தாட்டம் 1891ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் ஆசிரியரால் தோற்றுவிக்கப்பட்டது. சின்னாட்களிலேயே கல்லூரி மாணவியரும் இதனை ஆடத் தொடங்கினர். வளையம் பத்தடி உயரத்தில் இருத்தலின், இது நெட்டையர்க்கே உரிய ஆட்டம் எனப் பலர் கருதுவர். அஃது உண்மையன்று. அணியில் 'கார்டு' எனப்படும் ஆட்டக்காரர்க்கு உயரத்தினும் மதிநுட்பமே இன்றியமையாதது. அவர் 8 நொடிக்குள் பந்தை நடுக்கோட்டிற்கு அப்பால் கொண்டு செல்லல் வேண்டும். எதிரணியின் நிலையை நோக்கித் தக்க தோழிக்கு அதனை அளித்தல் வேண்டும். வாய்ப்பு நேரின் தாமே வளையத்தில் எறிதலும் வேண்டும்.

இவ்விடத்தில் நின்று புகழ் பெற்றவர் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை. 1985இல் பிறந்த இவர், பதினோராம் வயதில் இவ்வாட்டத்தைப் பயிலத் தொடங்கினார். பத்தொன்பதாம் வயதில் இந்திய மகளிர் அணியின் தலைவியானார். தென்னக இரயில்வே அணிக்காகவும் ஆடினார். 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசியப் போட்டிகளில் பங்கேற்றார்.

மகப்பேற்றோடு மகளிரின் விளையாட்டு முடிந்துவிடும் என்பர் சிலர். அனிதாவோ தாயான பின்னரும் அயராது பயின்று மீண்டும் களம் புகுந்தார். 2017இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவு இறுதியாட்டத்தில், இந்திய அணி கஜகஸ்தானை 75–73 என்னும் புள்ளிக்கணக்கில் வென்றது. அவ்வணியில் அனிதாவும் இருந்தார். 2021இல் இந்திய அரசு இவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்துச் சிறப்பித்தது.

தாராபுரம் போன்ற ஊர்களின் பள்ளித் திடல்களில் பந்து தட்டிப் பழகும் மாணவியர்க்கு இவர் வாழ்வு உணர்த்துவது ஒன்றுண்டு. உயரம் பிறப்பால் அமைவது. ஆட்டத்திறனோ இடையறாத பயிற்சியால் எவரும் எய்தத்தக்கது.