பின்வரிசைச் சரக்கும் கைக்கு எட்ட வேண்டும்: கட்டுப்படியாகும் செலவில் இழுப்பறை அடுக்குகள்

மளிகை வணிகத்தில் கணக்குப் புத்தகத்தில் ஏறாத நஷ்டம் ஒன்று உண்டு. அலமாரியின் பின்வரிசையில் தங்கிப்போகும் சரக்கினால் வரும் நஷ்டம் அது. முன்னால் இருப்பது விற்கிறது. புதிதாக வந்த சரக்கை அவசரத்தில் முன்னாலேயே அடுக்குகிறோம். பின்னால் இருக்கும் சேமியா பாக்கெட்டும் மசாலாப் பொடியும் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கின்றன. ஒரு நாள் எடுத்துப் பார்த்தால் தேதி கடந்திருக்கும், அல்லது வண்டு விழுந்திருக்கும். சில சமயம் சரக்கு கடையில் இருந்தும் கண்ணில் படாததால் "இல்லை" என்று சொல்லி வாடிக்கையாளரை அனுப்பிவிடுகிறோம். அவர் எதிர்க்கடைக்குப் போகிறார். இப்போது கைப்பேசியிலேயே ஆர்டர் போட்டுவிடுபவர்களும் உண்டு.

பெரிய அங்காடிகளுக்கு இடம் இருக்கிறது, அடுக்குவதற்கென்றே ஆட்களும் இருக்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடையில் தனி ஆளாக நிற்கும் நமக்கு இருப்பது ஆழமான அலமாரியும் இரண்டு கைகளும்தான். ஆகவே பின்னால் இருப்பதை முன்னால் வரவழைக்கும் இழுப்பறை அடுக்குகளைப் பற்றி நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது. வீட்டுச் சமையலறை அலமாரிகளில் இன்று பரவலாக இருக்கும் இந்த ஏற்பாடு கடைக்குப் புதியதல்ல. நமது கல்லாப்பெட்டியே ஓர் இழுப்பறைதான். நாட்டு மருந்துக் கடைகளில் சுக்கும் திப்பிலியும் வரிசை வரிசையாகச் சிறு இழுப்பறைகளில் இருப்பதைப் பார்த்துத்தான் வளர்ந்திருக்கிறோம்.

எங்கே தேவை, எங்கே தேவையில்லை?

கடை முழுவதையும் இழுப்பறையாக்க வேண்டியதில்லை. அது வீண் செலவு. ஒரு முழம் ஆழத்திற்குக் குறைவான அடுக்குகளில் கையை நீட்டினாலே கடைசிப் பொருள் எட்டிவிடும். அவற்றை அப்படியே விட்டுவிடலாம். கண் மட்டத்திற்கு மேலே இழுப்பறை வைப்பதால் பயனில்லை. உள்ளே இருப்பது தெரியாது, பாரத்தோடு இழுத்தால் தலைமேல் விழும் அபாயமும் உண்டு. இழுப்பறையால் உண்மையான லாபம் கிடைப்பது இடுப்புக்குக் கீழே, 18 அங்குலமும் அதற்கு மேலும் ஆழமுள்ள அடுக்குகளில்தான். குனிந்து, மண்டியிட்டு, கையை விட்டுத் துழாவும் இடங்கள் அவை. முதுகு வலியோடு கடை நடத்தும் மூத்த வணிகர்களுக்கு இந்த ஒரு மாற்றமே பெரிய உதவியாக இருக்கும்.

செலவு குறைந்த மூன்று வழிகள்

முதலாவது, மிகவும் மலிவானது. இருக்கும் அடுக்கின் மீது அளவான பிளாஸ்டிக் கிரேடுகளை வைத்து இழுத்துக்கொள்வது. அடுக்கின் அகலத்தையும் ஆழத்தையும் உட்புறமாக அளந்து, அதற்குப் பொருந்தும் கிரேடு வாங்க வேண்டும். கிரேடு பக்கவாட்டில் ஓடாமல் இருக்க இரண்டு ஓரங்களிலும் மரச்சட்டம் அடித்துவிட்டால் போதும். தச்சர் கூலி அநேகமாக இல்லை. சோப்பு, பிஸ்கட், சேமியா போன்ற லேசான பாக்கெட்டுகளுக்கு இதுவே தாராளம்.

இரண்டாவது, கீழ்த்தட்டுக்குச் சக்கரப் பலகை. அரிசி, சர்க்கரை மூட்டைகளைத் தரையில் போடுவதை விட, சக்கரம் பொருத்திய பலகையின் மீது வைத்தால் ஒரு கையால் வெளியே இழுக்கலாம். மூட்டை தரை ஈரத்தையும் தொடாது. சக்கரம் வாங்கும்போது ஒரு கணக்கை நினைவில் வைக்க வேண்டும். தரை எங்கும் சமமாக இருப்பதில்லை. நான்கு சக்கரங்கள் போட்டாலும் பல சமயம் மூன்றுதான் பாரத்தைத் தாங்கும். ஆகவே மொத்த எடையை மூன்றால் வகுத்து வரும் எடையை ஒவ்வொரு சக்கரமும் தாங்குமா என்று பார்த்து வாங்க வேண்டும். 25 கிலோ மூட்டைகள் மூன்று வைப்பதானால் சரக்கு 75 கிலோ. பலகையையும் சேர்த்தால், சக்கரம் ஒன்றுக்கு 30 கிலோவாவது தாங்க வேண்டும்.

மூன்றாவது, சேனல் பொருத்திய மர இழுப்பறை. செலவு கூடுதல்தான். ஆனால் பருப்பு, மசாலா போன்ற விலையுயர்ந்த சரக்குக்கு இதுவே ஏற்றது. இதில்தான் ஏமாறும் வாய்ப்பும் அதிகம் என்பதால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

சேனல் வாங்கும்போது

சந்தையில் பரவலாகக் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று, சிறு சக்கரத்தில் ஓடும் பவுடர் கோட்டிங் செய்த ரோலர் சேனல். மற்றது, குண்டுகளில் ஓடும் டெலஸ்கோப்பிக் சேனல். ரோலர் சேனல் விலை குறைவு. ஆனால் சாதாரண ரோலர் சேனலில் இழுப்பறை முக்கால் பாகம்தான் வெளியே வரும். மீதிக் கால் பாகம் உள்ளேயே நிற்கும். பின்வரிசைச் சரக்கு கண்ணில் படவேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் செலவே செய்கிறோம். அந்தப் பின்வரிசை மறுபடியும் இருட்டில் நிற்குமானால் செலவு செய்து பயன் என்ன? ஆகவே கடைக்கு முழுதாக வெளியே வரும் டெலஸ்கோப்பிக் சேனலே பொருத்தம். தானாக மெதுவாக மூடிக்கொள்ளும் சாஃப்ட் குளோஸ் வசதி வீட்டுக்கு நன்று. கடைக்கு அவசியமில்லை, அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

45 மி.மீ. அகலமுள்ள டெலஸ்கோப்பிக் சேனல் ஒரு ஜோடி 35 முதல் 45 கிலோ வரை தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுவது வழக்கம். அகலம் ஒன்றாகவே இருந்தாலும் தகட்டின் கனம் ஒன்றாக இருக்காது. இதைக் கண்டுபிடிக்க மளிகைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே நீளமுள்ள இரண்டு கம்பெனிச் சேனல்களைத் தராசில் வைத்துப் பாருங்கள். எடை அதிகமுள்ளதில் இரும்பு அதிகம். பிறகு முழுவதும் இழுத்து நுனியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடுவதை வாங்க வேண்டாம்.

பாரக் கணக்கு

இழுப்பறை கெட்டுப்போவதற்கு முக்கியக் காரணம் அளவுக்கு மீறிய பாரம். இதை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். உட்புற நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61-ஆல் வகுத்தால் எத்தனை லிட்டர் கொள்ளும் என்று தெரியும். அரிசியோ பருப்போ லிட்டருக்குச் சுமார் 800 கிராம் நிற்கும். உப்பு லிட்டருக்கு ஒரு கிலோவுக்கும் மேல்.

உதாரணமாக 18 அங்குல நீளம், 18 அங்குல அகலம், 8 அங்குல உயரமுள்ள இழுப்பறை சுமார் 42 லிட்டர் கொள்ளும். பருப்பை நிரப்பினால் 34 கிலோ. பலகையின் எடை 5 கிலோ என்று வைத்தால் மொத்தம் 39 கிலோ. 45 கிலோ சேனல் இதைத் தாங்கும், 35 கிலோ சேனல் தாங்காது. அதே இழுப்பறையை 24 அங்குல அகலத்திலும் 10 அங்குல உயரத்திலும் செய்தால் சரக்கு மட்டுமே 56 கிலோ ஆகிவிடும். பெரிய இழுப்பறை ஒன்றை விடச் சிறியவை இரண்டு மேல் என்பது இதனால் விளங்கும்.

பலகையும் அளவும்

கடையில் தினமும் தண்ணீர் தெளிக்கிறோம், கழுவுகிறோம். ஈரம் பட்டால் பார்ட்டிகிள் போர்டும் சாதாரண எம்.டி.எஃப். பலகையும் ஊதிப்போகும், ஆணி பிடிக்காது. விலை குறைவு என்று அவற்றில் இழுப்பறை செய்வது இரண்டு முறை செலவழிப்பதற்குச் சமம். பிளைவுட் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். பொது உபயோகப் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 303, மரைன் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 710. தண்ணீர் நேரடியாகப் படாத இடத்திற்கு மரைன் பிளைவுட் அவசியமில்லை. அடிப்பலகையை 4 மி.மீ. கனத்தில் போட்டு மிச்சம் பிடிக்கத் தச்சர் யோசனை சொல்லலாம். சட்டை துணிக்கு அது போதும், பருப்புக்குப் போதாது. 9 அல்லது 12 மி.மீ. போடச் சொல்லுங்கள்.

டெலஸ்கோப்பிக் சேனலுக்குப் பக்கத்துக்கு அரை அங்குலம், அதாவது நாலு நூல் இடம் வேண்டும். ஆகவே இழுப்பறையின் வெளி அகலம் அலமாரியின் உள் அகலத்தை விட ஒரு அங்குலம் குறைவாக இருக்க வேண்டும். சேனலை முதலில் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அதன் பிறகே பலகையை அறுக்கச் சொல்லுங்கள்.

கம்பிக் கூடைகளும் கிடைக்கின்றன. காற்றோட்டம் இருப்பதால் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்குக்கு அவை நல்லவை. சிறு பாக்கெட்டுகள் இடுக்கில் விழுந்துவிடும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் முலாம் பூசிய கம்பி விரைவில் துருப்பிடிக்கும். காந்தம் ஒட்டவில்லை என்பதை மட்டும் வைத்து உயர்ந்த ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று நம்பிவிட வேண்டாம். துருப்பிடிக்கக்கூடிய மலிவு ரகத்திலும் காந்தம் ஒட்டாது. பில்லில் ரகத்தை எழுதி வாங்குங்கள்.

கவனிக்க வேண்டியவை

ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக்கில் இழுப்பறை பொருத்துவதானால் ரேக்கைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்கியே தீரவேண்டும். பாரமான இழுப்பறை முழுதாக வெளியே வந்தால் ரேக்கே முன்பக்கம் சாயும். கடையில் குழந்தைகள் நிற்பார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. பாரமானவை கீழே, லேசானவை மேலே இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஓர் இழுப்பறையைத்தான் திறக்க வேண்டும்.

சில்லறையாக விற்கும் பருப்பு, அரிசியைப் பலகையில் நேரடியாகக் கொட்டக் கூடாது. உணவுக்கு ஏற்ற டப்பாவில் மூடி வைத்து, அந்த டப்பாவை இழுப்பறையில் வையுங்கள். ஊதுபத்தி, சோப்பு, கொசுவர்த்திச் சுருள் இருக்கும் இழுப்பறையில் தேயிலையோ மாவோ வைத்தால் வாசம் ஏறிவிடும். இழுப்பறைக்குப் பின்னால் உள்ள இடைவெளி எலிக்கும் கரப்பானுக்கும் வசதியான இடம். வாரம் ஒரு முறை இழுப்பறையைக் கழற்றிப் பெருக்கிவிடுவது நல்லது.

இழுப்பறையின் நடுவே முன்பின்னாக ஒரு தடுப்பு வைத்து இடம், வலம் என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள். இடப்பக்கம் விற்றுத் தீரும்வரை புதுச் சரக்கு வலப்பக்கம் மட்டுமே இறங்க வேண்டும். இடப்பக்கம் காலியானதும் வலப்பக்கம் விற்பனைக்கு வரும், அடுத்த சரக்கு இடப்பக்கம் இறங்கும். வேலைக்கு இருக்கும் பையனுக்கும் இதைச் சுலபமாகச் சொல்லிக்கொடுக்கலாம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011-இல் வந்த உரிமம், பதிவு பற்றிய விதிமுறைகளும் முதலில் வந்த சரக்கு முதலில் போக வேண்டும் என்பதை வலியுறுத்துகின்றன. அதிகாரி வந்து கேட்கும் நாளில் தேதி கடந்த பாக்கெட் பின்வரிசையிலிருந்து வெளியே வருவதை விட, நம் கண்ணில் முன்பே பட்டுவிடுவது எல்லா வகையிலும் நல்லது.

செலவு திரும்புமா?

ஓர் இழுப்பறைக்குச் சேனல், பலகை, கூலி எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதனால் மாதம் 100 ரூபாய்ச் சரக்கு வீணாவது மிச்சமானால் ஓராண்டில் செலவு திரும்பிவிடும். மாதம் 20 ரூபாய்தான் மிச்சம் என்றால் ஐந்து ஆண்டுகள் ஆகும். அந்த இடத்துக்குப் பிளாஸ்டிக் கிரேடே போதும். எந்த அடுக்கில் எவ்வளவு வீணாகிறது என்று மூன்று மாதம் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அதிகம் வீணாகும் அடுக்கில் முதல் இழுப்பறையைப் போடுங்கள். அதன் பலனைப் பார்த்த பிறகு அடுத்ததைச் செய்யலாம். ஜி.எஸ்.டி.யில் முறையாகப் பதிவு செய்தவர்கள் வரி பில் கேட்டு வாங்கி, உள்ளீட்டு வரி வரவு கிடைக்குமா என்று ஆடிட்டரிடம் விசாரிக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு அந்த வரவு கிடையாது. அவர்கள் வரியையும் சேர்த்தே விலையை ஒப்பிட வேண்டும்.

ஒரே தெருவில் உள்ள ஐந்தாறு கடைக்காரர்கள் சேர்ந்து சேனலைப் பெட்டியாக வாங்கி, ஒரே தச்சரை வைத்துச் செய்தால் விலையும் கூலியும் குறையும். சரக்கைச் சேர்ந்து கொள்முதல் செய்யத் தெரிந்த நமக்கு இது புதிய வித்தையல்ல. அலமாரியின் பின்வரிசையில் இருப்பதும் நமது முதல்தான். வட்டிக்கு வாங்கிய முதலாகவும் இருக்கலாம். அது இருட்டில் தூங்காமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.