‘அபாயம்’ என்று எழுதினால் போதுமா? வேலையிடத்துப் பாதுகாப்பு போர்டுகளைச் சரியாகத் தயாரிப்பது எப்படி?

தாய்லாந்தின் சமுத் பிரகான் மாகாணத்தில், 2000-ம் ஆண்டின் தொடக்கத்தில் பழைய இரும்புக் கடை ஒன்றுக்குக் கனமான உலோகப் பாகம் ஒன்று வந்து சேர்ந்தது. புற்றுநோய் சிகிச்சைக்குப் பயன்பட்ட பழைய கருவியின் பாகம் அது. உள்ளே கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. வெளியே கதிர்வீச்சு எச்சரிக்கைச் சின்னமும் இருந்தது.

ஆனால், அந்த மூன்று இதழ் சின்னத்துக்கு என்ன அர்த்தம் என்று அதைக் கையாண்டவர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் மொழியில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. பாகத்தை வெட்டித் திறந்தார்கள். 10 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இரும்புக் கடையில் வேலை பார்த்த 3 பேர் உயிரிழந்தனர்.

இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகு, சர்வதேச அணுசக்தி முகமையும் ஐஎஸ்ஓ அமைப்பும் 2007-ல் கூடுதலாக ஒரு சின்னத்தை அறிவித்தன. சிவப்பு முக்கோணத்துக்குள் கதிர்கள், மண்டை ஓடு, தப்பி ஓடும் மனிதர். 11 நாடுகளில் 1,650 பேரிடம் காட்டி, புரிகிறதா என்று சோதித்த பிறகே அது வெளியானது.

ஆபத்தான வேலை நடக்கும் எந்த இடத்துக்கும் இது பொருந்தும். போர்டு இருக்கிறதா என்பதோடு, படிக்க வேண்டியவருக்கு அது புரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். எப்படி? பார்க்கலாம்.

நிறமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்

ஐஎஸ்ஓ 3864, ஐஎஸ்ஓ 7010 ஆகிய சர்வதேசத் தரநிலைகள் நிறத்துக்கும் வடிவத்துக்கும் அர்த்தம் வகுத்துள்ளன.

• சிவப்பு வட்டம், குறுக்கே கோடு: செய்யாதே
• மஞ்சள் முக்கோணம், கறுப்பு விளிம்பு: ஆபத்து இருக்கிறது, கவனம்
• நீல வட்டம்: கட்டாயம் செய் (ஹெல்மெட், கையுறை, கண்ணாடி அணிவது போன்றவை)
• பச்சை சதுரம் அல்லது செவ்வகம்: வெளியேறும் வழி, முதலுதவி
• சிவப்பு சதுரம்: தீயணைப்புக் கருவி

‘ஹெல்மெட் அணியவும்’ என்பதை அழகுக்காகப் பச்சையில் அச்சடித்தால், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அது தவறான தகவல். டிசைன் செய்பவர் தன் விருப்பத்துக்கு நிறத்தை மாற்றக் கூடாது.

என்ன எழுத வேண்டும்?

‘ஜாக்கிரதை’ என்று மட்டும் எழுதினால், எதற்கு ஜாக்கிரதை என்ற கேள்வி வரும். என்ன ஆபத்து, மீறினால் என்ன ஆகும், என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் போர்டில் இருக்க வேண்டும். ‘மின்சாரம் உள்ளது. தொட்டால் உயிர் போகும். எலக்ட்ரீஷியன் மட்டும் திறக்கவும்.’ இவ்வளவு போதும்.

கழிவுநீர்த் தொட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இறங்கியவர் மயங்கியதும், அவரைத் தூக்கப் பதறி இறங்கும் அடுத்த ஆளும் இறந்துபோவது திரும்பத் திரும்ப நடக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் இல்லை என்பதற்காக வாயு இல்லை என்று நினைக்க முடியாது. அங்கே ‘உள்ளே செல்லாதீர்’ என்பது மட்டும் பத்தாது. ‘உள்ளே ஆள் விழுந்திருந்தாலும் இறங்காதீர்கள். 112-க்கு அழையுங்கள்’ என்ற வரிதான் இரண்டாவது உயிரைக் காக்கும்.

எந்த மொழியில்?

அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே (பிரிவு 108) எழுதப்பட்டது. அவை சுத்தமாக, படிக்கும்படி இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொன்னது.

இன்று திருப்பூர், கோவை, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பகுதிகளில் தமிழர்களோடு பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் தொழிலாளர்களும் வேலை பார்க்கிறார்கள். ‘இந்தியில் ஒரு வரி போட்டாச்சு, போதும்’ என்று சிலர் நினைப்பதுண்டு. ஆனால் ஒடியாவுக்கும் வங்காளத்துக்கும் எழுத்தே வேறு. அதற்காக ஒரே போர்டில் ஐந்து மொழிகளைத் திணித்தால் எழுத்து சிறுத்து, யாருக்கும் தெரியாமல் போகும். படத்தைப் பெரிதாக வைத்து, அந்தப் பிரிவில் வேலை செய்பவர்களின் மொழிகளில் மட்டும் ஒரு சிறு வாக்கியம் எழுதுவது நல்லது.

எவ்வளவு பெரிது, எங்கே?

போர்டின் அளவுக்குப் பரவலாகப் பயன்படும் கணக்கு ஒன்று உண்டு. பார்க்கும் தூரத்தை மீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, 2,000-ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது சதுர மீட்டரில் குறைந்தபட்சப் பரப்பளவு. 10 மீட்டருக்கு 0.05 சதுர மீட்டர், அதாவது பக்கத்துக்குச் சுமார் 22 செ.மீ. உள்ள சதுரம். 20 மீட்டர் என்றால் பக்கம் சுமார் 45 செ.மீ. வேண்டும்.

ஆபத்தான இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகு அல்ல, அதற்கு முன்பே கண்ணில் படும் இடத்தில் மாட்ட வேண்டும். கதவின் மேல் ஒட்டினால், கதவு திறந்ததும் மறைந்துவிடும். வெளியேறும் வழியைக் காட்டும் பலகை, கரண்ட் போனாலும் தெரிய வேண்டும். வெயிலில் வெளிறிய போர்டை உடனே மாற்ற வேண்டும்.

கேன், பாட்டில்களுக்கு லேபிள்

ரசாயனங்களுக்கு ஜிஎச்எஸ் எனும் சர்வதேச முறை உள்ளது. சிவப்பு விளிம்பு கொண்ட வைர வடிவத்துக்குள் தீச்சுடர், மண்டை ஓடு, அரிக்கும் திரவம் என மொத்தம் 9 படங்கள். லேபிளில் பொருளின் பெயர், படம், ‘அபாயம்’ அல்லது ‘எச்சரிக்கை’ என்ற சொல், என்ன தீங்கு, என்ன முன்னெச்சரிக்கை, தயாரிப்பாளர் விவரம் ஆகியவை இருக்க வேண்டும்.

பெரும்பாலும் சிக்கல் வருவது கம்பெனி கேனில் அல்ல. அதிலிருந்து சின்ன பாட்டிலுக்கு ஊற்றும்போதுதான். பாத்ரூம் கழுவும் ஆசிட்டைப் பழைய தண்ணீர் பாட்டிலில் வைத்தால், தாகத்தில் யாராவது எடுத்துக் குடிக்கும் ஆபத்து உண்டு. அதே ஆசிட் பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் குளோரின் வாயு வெளிவரும். எனவே ஊற்றிய பாட்டிலிலும் லேபிள் வேண்டும். குடிநீர், குளிர்பான பாட்டில்களைத் தொடவே கூடாது.

ரிப்பேர் நேரத்து டேக்

மெஷினுக்குள் ஒருவர் கையை விட்டு வேலை செய்யும்போது, விஷயம் தெரியாமல் இன்னொருவர் சுவிட்சைப் போட்டுவிடலாம். அதைத் தடுக்கவே டேக். ‘ஆள் வேலை செய்கிறார், சுவிட்ச் போடாதே’ என்பதோடு, மாட்டியவர் பெயர், தேதி, போன் நம்பர் இருக்க வேண்டும். அட்டையை யார் வேண்டுமானாலும் கழற்றிவிடலாம் என்பதால் கூடவே பூட்டும் போட வேண்டும். அதைத் திறப்பவர் பூட்டியவராகத்தான் இருக்க வேண்டும்.

போர்டு வைத்தால் கடமை முடிந்ததா?

முடியவில்லை. முதலில் ஆபத்தை நீக்கப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் பாதுகாப்பான பொருளுக்கு மாற வேண்டும், அதுவும் முடியாதபோது தடுப்பு அமைக்க வேண்டும். போர்டு அதற்குப் பிறகுதான் வருகிறது. சுழலும் பெல்ட்டுக்குக் கவசம் போடாமல் ‘கையை விடாதே’ என்று எழுதி வைப்பது, விபத்துக்கான பழியைத் தொழிலாளி மேல் போடும் வேலை.

போர்டு புரிகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அமெரிக்காவின் ஏஎன்எஸ்ஐ தரநிலையில், ஒரு சின்னத்தைக் குறைந்தது 85% பேர் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்; நேர் எதிராகப் புரிந்துகொள்பவர்கள் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

சிறிய ஒர்க்‌ஷாப்பிலும் இந்தச் சோதனையைச் செய்யலாம். செலவில்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்தவரை போர்டு முன்னால் நிறுத்தி, ‘இதைப் பார்த்தா என்ன செய்வீங்க?’ என்று கேட்டால் போதும். ‘புரியுதா?’ என்று கேட்கக் கூடாது. சூப்பர்வைசர் கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். என்ன செய்வார் என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால், திருத்த வேண்டியது போர்டைத்தான்.