காற்றையும் மழையையும் கணக்கிடும் சிக்கனக் கணிப்பொறிகள்

கழுகுமலைக்குத் தெற்கே கயத்தாறு வரை பரந்து கிடக்கும் கரிசல் நிலத்தில், ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாயும் தென்மேற்குப் பருவக்காற்று காற்றாலைகளை இடைவிடாது சுழற்றுகிறது. அந்தக் காற்று கொண்டுவராத மழைக்காகவோ, பருத்தியும் உளுந்தும் சோளமும் விதைக்கும் மானாவாரி நிலம் ஐப்பசி, கார்த்திகை வரை காத்திருக்கிறது. முன்வரிசைக் காற்றாலை பின்வரிசைக்குச் செல்லும் காற்றை எவ்வளவு மெலியச் செய்கிறது, ஒரே இரவில் கொட்டும் மழை எந்த ஓடை வழியே ஓடி எந்தக் கண்மாயை நிரப்பும் என்பன போன்ற கேள்விகளுக்குக் காற்றுமானியும் மழைமானியும் மட்டும் விடை சொல்லிவிட முடியாது. அவை தரும் அளவுகளை இயற்பியல் விதிகளோடு இணைத்து, நிகழ்வைக் கணிப்பொறிக்குள்ளேயே நடத்திப் பார்க்க வேண்டும். சிமுலேஷன் எனப்படும் இந்த ஒப்புருவாக்கம் நெடுங்காலமாகக் கோடிகளில் விலைபோகும் மீத்திறன் கணிப்பொறிகளை வைத்திருந்த பெருநிறுவனங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. கணினி விளையாட்டுகளுக்காக உருவான கிராபிக்ஸ் கார்டுகள் சிலவற்றை ஒரே பெட்டியில் இணைத்துச் சிறிய கல்லூரியும் அத்தகைய பொறியை அமைத்துக்கொள்ளலாம் என்ற நிலை இன்று வந்திருப்பதால், அது எவ்வாறு சாத்தியமாயிற்று, அதன் எல்லைகள் எவை என்பதைப் பொதுவாசகரும் அறிந்திருப்பது நல்லது.

ஒரே சிறு வேலை, கோடிக்கணக்கான முறை

காற்றோட்டத்தைக் கணக்கிட விரும்பும் ஆய்வாளர், வெளியைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்றின் வேகமும் அழுத்தமும் அடுத்த நொடிப்பகுதியில் என்னவாகும் என்பதை அதன் அண்டைக் கட்டங்களைக் கொண்டு கணிக்கிறார். கட்டத்தின் நீள, அகல, உயரங்களைப் பாதியாக்கினால் கட்டங்களின் எண்ணிக்கை எட்டு மடங்காகிறது. நுண்ணிய கட்டங்களுக்குக் காலத்தையும் பாதிப்பாதியாக நறுக்க வேண்டியிருப்பதால் மொத்த வேலை பதினாறு மடங்காகிறது. துல்லியத்தைச் சற்றே கூட்ட விரும்பியவுடன் சாதாரணக் கணிப்பொறி திணறுவது இதனால்தான்.

ஆனால் இந்த வேலையில் ஒரு வசதி உண்டு: எல்லாக் கட்டங்களுக்கும் செய்ய வேண்டிய கணக்கு ஒன்றே. கணிப்பொறியின் மையச் செயலி பலவகைப் பணிகளை ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து முடிக்கும் தேர்ந்த கைகள் சிலவற்றைக் கொண்டது; கிராபிக்ஸ் கார்டிலுள்ள ஜிபியு எனும் வரைகலைச் செயலியோ, கோவில்பட்டி வட்டாரத்துத் தீப்பெட்டி ஆபீசில் வரிசையாக அமர்ந்து கட்டை அடுக்கும் கைகளைப் போல, ஆயிரக்கணக்கான சிறு கணக்கிகள் ஒரே வேலையை ஒரே நேரத்தில் செய்யும் அமைப்பு. திரையின் இலட்சக்கணக்கான புள்ளிகளுக்கு நிறம் கணக்கிடுவதற்காகப் பிறந்த இந்தச் செயலியை, என்விடியா நிறுவனம் 2006இல் அறிவித்து அடுத்த ஆண்டு வெளியிட்ட கூடா எனும் நிரலாக்க அமைப்பு, அறிவியல் கணக்குகளுக்கும் எளிதில் பயன்படுமாறு திறந்துவிட்டது.

கடைச்சரக்கிலிருந்து ஆய்வுக்கருவி

சந்தையில் கிடைக்கும் சாதாரணப் பொருள்களை இணைத்து அறிவியல் கருவியாக்கும் மரபு ஜிபியுவுக்கு முந்தியது. 1994இல் நாசாவின் கோடார்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் பதினாறு சாதாரணக் கணிப்பொறிகளைப் பிணைத்துப் பியோவுல்ஃப் எனும் தொகுதியை உருவாக்கினர். தமிழ்நாட்டில் இந்த வழியைப் பின்பற்றிய குறிப்பிடத்தக்க முயற்சி, சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் கழகம் 2004இல் அமைத்த கப்ரூ. இரண்டு இன்டெல் ஜியான் செயலிகளைக் கொண்ட 144 கணிப்பொறிகளை விரைவு வலையால் பிணைத்த இத்தொகுதி, அணுக்கருவினுள் குவார்க்குகளைப் பிணைக்கும் விசையைக் கணக்கிடுவதற்காகக் கட்டப்பட்டு, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் வெளியான உலகின் முதல் 500 கணிப்பொறிகளின் பட்டியலில் 264ஆம் இடத்தைப் பெற்றது.

ஜிபியுவை இந்தியா பெரிய அளவில் அறிவியலுக்குப் பயன்படுத்தியதற்குச் சிறந்த சான்று, திருவனந்தபுரத்திலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 2011 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட சாகா-220. ஏவுகலத்தைச் சுற்றிப் பாயும் காற்றின் போக்கை ஆராய்வது போன்ற வானூர்தியியல் கணக்குகளுக்காக, மையத்தின் பொறியாளர்களே கடையில் கிடைக்கும் உறுப்புகளையும் திறமூல மென்பொருள்களையும் கொண்டு வடிவமைத்த இப்பொறியில் என்விடியாவின் 400 டெஸ்லா ஜிபியுக்களும் 400 ஜியான் மையச் செயலிகளும் இருந்தன. நொடிக்கு ஓர் இலட்சம் கோடிக் கணக்குகள் என்பது ஒரு டெராஃப்ளாப்ஸ். சாகாவின் ஜிபியு ஒவ்வொன்றும் அதில் பாதியையும், மையச் செயலி ஒவ்வொன்றும் இருபதில் ஒரு பங்கையும் தந்தன. ஆக மொத்தத் திறனான 220 டெராஃப்ளாப்ஸில் 200 ஜிபியுக்களிலிருந்தே வந்தது. ஏறத்தாழ 14 கோடி ரூபாய்ச் செலவில், 150 கிலோவாட் மின்சாரத்தில் இயங்கிய இப்பொறி, திறனுக்கு ஆகும் விலையைக் குறைக்க விரும்புவோர் எந்த உறுப்பில் பணத்தை இட வேண்டும் என்பதைத் தெளிவாகக் காட்டியது.

இதே கருத்தை மேசை அளவிலேயே மெய்ப்பித்தது பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகம். எக்ஸ்-கதிர்ப் படங்களிலிருந்து பொருளின் முப்பரிமாண உள்ளமைப்பை மீட்டெடுக்கும் ஆய்வாளர்கள், 2008இல் விளையாட்டுக் கார்டுகள் நான்கை, அதாவது எட்டு ஜிபியுக்களை, ஒரே பெட்டியில் பொருத்தி, 4,000 யூரோவுக்கும் குறைந்த செலவில் ஃபாஸ்ட்ரா எனும் கணிப்பொறியை அமைத்தனர். அவர்களுடைய குறிப்பிட்ட கணக்கில் அது, பல்கலைக்கழகம் 35 இலட்சம் யூரோ கொடுத்து வாங்கியிருந்த பெருந்தொகுதிக்கு ஈடாக நின்றது.

கட்டுமுன் அறிய வேண்டியவை

இத்தகைய பொறியை அமைப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, தமது கணக்குக்கு எத்தனை இலக்கத் துல்லியம் தேவை என்பது. ஓர் எண்ணை ஏறத்தாழ ஏழு இலக்கங்கள் வரை காப்பது ஒற்றைத் துல்லியம்; பதினைந்து, பதினாறு இலக்கங்கள் வரை காப்பது இரட்டைத் துல்லியம். 2020இல் 1,499 டாலர் விலையில் வெளியான ஆர்டிஎக்ஸ் 3090 எனும் விளையாட்டுக் கார்டு ஒற்றைத் துல்லியத்தில் 35 டெராஃப்ளாப்ஸ் வரை எட்டுகிறது; இரட்டைத் துல்லியத்தில் அதன் திறன் அறுபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருங்கி, சாகாவின் பழைய டெஸ்லா ஜிபியு ஒன்றுக்கு ஏறக்குறையச் சமமாகிவிடுகிறது. மூலக்கூறுகளின் அசைவைக் கணிக்கும் மென்பொருள்கள் பலவும், காற்றோட்டத்தைக் கணிக்கும் லாட்டிஸ் போல்ட்ஸ்மேன் முறையும் பெரும்பாலும் ஒற்றைத் துல்லியத்திலேயே நம்பத்தக்க விடை தருவதால், அவற்றுக்கு விளையாட்டுக் கார்டு பெரும் சிக்கனம். கட்டடங்களின் தகைவை ஆராய்வது போன்ற, சிறு பிழையும் பெருகிவிடக்கூடிய கணக்குகளுக்கு அது பொருந்தாமல் போகலாம்.

அடுத்தது நினைவகமும் தரவு ஓடும் பாதையும். லாட்டிஸ் போல்ட்ஸ்மேன் முறையின் பரவலான வடிவத்தில் ஒரு கட்டத்துக்குச் சுமார் 150 பைட் தேவைப்படுவதால், 24 ஜிகாபைட் நினைவகமுள்ள கார்டு 15 கோடிக் கட்டங்களை ஏந்தும். அதைவிடப் பெரிய வெளியைப் பல கார்டுகளுக்குப் பகிர்ந்து தரும்போது, ஒன்றின் எல்லையில் நடப்பதை மற்றொன்று ஒவ்வோர் அடியிலும் அறிய வேண்டும். மேற்சொன்ன கார்டு தன் நினைவகத்தோடு நொடிக்கு 936 ஜிகாபைட் பரிமாறிக்கொள்கிறது. தாய்ப்பலகை வழியாக வேறொரு கார்டோடு பேசும் பாதையோ ஒரு திசையில் 32 ஜிகாபைட் அளவே தருகிறது. ஆயினும் பக்கத்துக்கு 500 கட்டங்களுள்ள ஒரு கனசதுரத்தின் 12.5 கோடிக் கட்டங்களில், ஒரு முகத்தில் இருப்பவை இரண்டரை இலட்சமே, அதாவது ஐந்நூற்றில் ஒரு பங்கே, என்பதால் குறுகிய பாதையும் பெரும்பாலும் போதுமானதாகிறது. சாதாரண மேசைக் கணிப்பொறிச் செயலிகள் ஒரு கார்டுக்கு மட்டுமே முழு அகலப் பாதை தருகின்றன என்பதால், நான்கு கார்டுகளை நிறுத்த விரும்புவோர் அகலப் பாதைகள் மிகுந்த பணிநிலைய அல்லது சர்வர் வகைத் தாய்ப்பலகையைத் தேர்ந்தெடுப்பது முறை.

கரிசல் வட்டாரத்தில் மூன்றாவதாக எழுவது மின்சாரமும் வெப்பமும். 350 வாட் கொள்ளும் கார்டுகள் நான்கும் ஏனைய உறுப்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 1,700 வாட் இழுக்கும். வீடுகளில் பொதுவாகக் காணப்படும் 6 ஆம்பியர் பிளக் 1,380 வாட்டுக்கு மேல் தாங்காது என்பதால், நல்ல எர்த்திங் உள்ள 16 ஆம்பியர் இணைப்புத் தேவை. நாள் முழுதும் ஓடினால் 41 யூனிட் செலவாகும். அது முழுவதும் வெப்பமாகவே அறைக்குள் இறங்குவதால், சித்திரை, வைகாசி வெயிலில் குளிர்சாதனத்துக்கும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஒவ்வொரு கார்டும் கொள்ளும் மின்சாரத்துக்கு மென்பொருள் வழியாகவே 250 வாட் என வரம்பிட்டால், வேகம் அதே விகிதத்தில் குறைவதில்லை. கணக்கின் வேகம் நினைவகத்தைச் சார்ந்திருக்கும்போது இழப்பு மிகச் சிறிதே. காற்றோடு பறக்கும் நுண்தூசி விசிறிகளையும் வெப்பத் தகடுகளையும் அடைத்துவிடாதபடி வடிகட்டி பொருத்துவதும், மின்தடையில் பல நாள் கணக்கு வீணாகாதபடி இடைநிலை விடைகளை மணிக்கொரு முறை வட்டில் சேமிப்பதும், பொருள்களின் விலைப்பட்டியலில் இடம்பெறாத, ஆனால் தவிர்க்க இயலாத ஏற்பாடுகள். 2022 செப்டம்பரில் எத்திரியம் எனும் மின்னாணயம் ஜிபியுக்களைக் கொண்டு சுரங்கமிடும் முறையைக் கைவிட்டபின் பழைய கார்டுகள் சந்தைக்கு வந்தன. அத்தகையவற்றை வாங்குவோர், பல மணி நேரம் முழுச்சுமையில் ஓட்டி, ஒரே கணக்குக்கு ஒரே விடை வருகிறதா எனச் சோதித்தே ஏற்க வேண்டும்.

பொறியைவிட அரியது

இவ்வளவும் அமைந்தபின் மீதமிருப்பது மனித உழைப்பு. ஒரு நிரலில் பத்தில் ஒரு பங்கு வேலை ஒன்றன்பின் ஒன்றாகவே நடந்தாக வேண்டியதாக இருந்தால், எத்தனை கார்டுகளைச் சேர்த்தாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது என்பது 1967இல் ஜீன் அம்டால் எடுத்துக்காட்டிய விதி. பழைய வானிலை நிரல்கள் பலவற்றை ஜிபியுவுக்கு ஏற்ப மாற்றுவது ஆண்டுக்கணக்கான உழைப்பைக் கேட்கிறது. திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022இல் நிறுவப்பட்ட 838 டெராஃப்ளாப்ஸ் திறனுள்ள ‘பரம் பொருள்’ எனும் மீத்திறன் கணிப்பொறி போன்ற தேசியப் பொறிகளுக்குச் சிறு பொறி மாற்றாகாது. ஆனால் பெரிய பொறியில் நேரம் கேட்டு விண்ணப்பிக்கும் முன், நிரலை எழுதவும் பிழை திருத்தவும் துணிந்து சோதிக்கவும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பொறி இருந்தாக வேண்டும்; அந்த இடத்தைச் சிக்கனக் கணிப்பொறி நிரப்புகிறது.

2023 டிசம்பர் 18ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரு நாளில், தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அத்தகைய மழையை முன்னறிவிப்பது தேசிய அமைப்புகளின் பணி. அம்மழை இந்த மண்ணில் எவ்வாறு பாயும், எந்தக் கரை முதலில் உடையும் என்பதைக் கண்மாய் கண்மாயாகக் கணித்துவைப்பதோ, ஓடைகளின் போக்கை அறிந்த உள்ளூர்க் கல்லூரிகளால் செம்மையாகச் செய்யத்தக்க பணி. கயத்தாற்றில் காற்றாலைகளுக்கான ஆய்வு நிலையமும், கோவில்பட்டியில் மானாவாரி வேளாண்மைக்கான ஆராய்ச்சி நிலையமும் பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. அளவீடுகளும் மாணவர்களும் ஒரே வட்டாரத்தில் கிடைக்கும் நிலையில், நான்கு கார்டுகள் கொண்ட ஒரு பொறியையும் அதற்கு நிரல் எழுதப் பயிற்றும் ஆசிரியரையும் சேர்த்துவிட்டால், கரிசல் நிலம் தன் காற்றையும் நீரையும் பற்றிய கணக்கைத் தானே போட்டுப் பார்த்துக்கொள்ள முடியும்.